வயிறு, குடல் புற்றுநோய்க்கான செல் சிகிச்சைகள்: பலன் எவ்வளவு, கைக்கு வந்து சேருமா?

ரத்தப் புற்றுநோயில் கார்-டி செல் சிகிச்சை பெயர் வாங்கிவிட்டது. முதல் மருந்துக்கு 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதையே வயிற்றுக்கும் குடலுக்கும் ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி அன்று முதல் ஓயவில்லை. செய்துபார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரைப்பை, பெருங்குடல், கணையம் ஆகியவற்றின் முற்றிய புற்றுநோய்க்காக மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட சில சிகிச்சைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்கும் பொருளிடம் கேட்கும் கேள்விகள்தான் இவற்றிடமும்: என்ன தருகிறது, எத்தனை நாள் தாங்குகிறது, எங்கே பழுதாகிறது. கூடவே பலரும் கேட்க மறக்கும் ஒன்று: பதிவு செய்தவரின் உடலுக்குள் அது உண்மையில் போய்ச் சேருகிறதா?

பொருள் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஒரு வைரஸை வண்டியாக வைத்துப் புதிய மரபணுவை உள்ளே ஏற்றுகிறார்கள். அந்த மரபணு செல்லின் மேற்பரப்பில் ஒரு செயற்கை ஏற்பியை முளைக்கவைக்கிறது. ஏற்பியின் வெளிமுனை எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டு. புற்றுச் செல்லின் மேலிருக்கும் அடையாளத்தைப் பிடிப்பது அதன் வேலை. உள்முனையில் இரண்டு பகுதிகள். ஒன்று 'தாக்கு' என்று உத்தரவிடுகிறது, மற்றது 'களைக்காதே' என்று தாங்கிப்பிடிக்கிறது. பிறகு செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, உறையவைத்து, நோயாளிக்கே திருப்பி ஏற்றுகிறார்கள்.

ரத்தப் புற்றுநோயில் இது எளிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சிடி19 என்ற இலக்கு, எதிர்ப்புரதம் தயாரிக்கும் வெள்ளணுக்களான பி செல்களில் மட்டுமே இருக்கிறது, பி செல்கள் எல்லாம் அழிந்தாலும் ஆள் பிழைத்திருப்பார். வயிற்றிலும் குடலிலும் அப்படியொரு வசதியான இலக்கு கிடையாது. கட்டியில் இருப்பது பெரும்பாலும் நல்ல உறுப்பிலும் கொஞ்சம் இருக்கும். போதாததற்குக் கட்டியைச் சுற்றி நார்த்திசு மதில், உள்ளே டி செல்களை முடக்கும் வேதிச்சூழல். ஒரே கட்டியிலேயே சில செல்கள் இலக்கைக் காட்டும், சில காட்டாது. காட்டாதவை தப்பித்துப் பெருகும்.

இலக்குத் தேர்வு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2010-இல் வெளியான ஓர் அறிக்கை இன்றும் பாடம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், பரவிய பெருங்குடல் புற்றுநோய் கொண்ட ஒருவருக்கு ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த 1,000 கோடி செல்கள் ஏற்றப்பட்டன. 15 நிமிடத்துக்குள் மூச்சுத்திணறல் தொடங்கியது. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரலின் நல்ல செல்களில் மிகக் குறைவாக இருந்த ஹெர்2-ஐ அந்தச் செல்கள் தேடிப்பிடித்துத் தாக்கியதே காரணமாகக் கருதப்பட்டது. மறு ஆண்டு, சி.இ.ஏ. புரதத்தைக் குறிவைத்த டி செல்கள் மூன்று பெருங்குடல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதில் மூவருக்கும் கடுமையான குடல் அழற்சி வந்தது. இன்றைய சோதனைகளில் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது, ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் நாட்களை விடுவது போன்ற பொறுமைக்கெல்லாம் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

சாட்ரி-செல்: இரைப்பைக்கு இப்போதைக்கு இதுதான் முன்னணி

சீனாவின் கார்ஸ்ஜென் நிறுவனத் தயாரிப்பு. இலக்கு கிளாடின் 18.2. இரைப்பையின் உட்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கித் தைக்கும் புரதம் இது. நல்ல இரைப்பையில் தையலுக்குள் ஒளிந்திருக்கும்; புற்று வந்து செல்களின் அடுக்கு குலையும்போது வெளியே தெரியும். கணையப் புற்றிலும் இது தலைகாட்டுவதுண்டு.

இதன் எண்களை வந்த வரிசையில் பார்க்க வேண்டும். 2022-இல் முதல் கட்டச் சோதனையின் இடைக்கால முடிவு வெளியானது. 37 பேரில் 48.6 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. இரைப்பைப் புற்றுநோயாளிகளை மட்டும் எடுத்தால் 57.1 சதவீதம். செய்தித்தாள்கள் கொண்டாடின. 2024-இல் அதே சோதனையின் இறுதி முடிவு 98 பேரோடு வந்தபோது அந்த விகிதம் 38.8 சதவீதமாக இறங்கியிருந்தது. நோய் முன்னேறாமல் நின்ற காலத்தின் இடைநிலை மதிப்பு 4.4 மாதம், உயிர்வாழ்வு 8.8 மாதம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முதலில் சேர்பவர்கள் பெரும்பாலும் கவனமாகப் பொறுக்கப்பட்டவர்கள், எண்ணிக்கையும் சிறியது. ஆள் கூடக்கூட எண் தரையிறங்கும். 20, 30 பேரின் முடிவைக் காட்டி யார் எந்தச் சிகிச்சையைப் புகழ்ந்தாலும் இந்த இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

2025-இல் லான்செட் இதழில் வெளியான இரண்டாம் கட்ட முடிவுதான் உருப்படியான ஆதாரம். குறைந்தது இரண்டு சுற்றுச் சிகிச்சை பலன் தராமல் போன 156 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 104 பேருக்குச் சாட்ரி-செல், 52 பேருக்கு மருத்துவர் தேர்ந்தெடுக்கும் வழக்கமான மருந்து என ஒதுக்கினார்கள். நோய் முன்னேறாத காலம் 3.25 மாதம், எதிரணியில் 1.77 மாதம். உயிர்வாழ்வு 7.92 மாதம், எதிரணியில் 5.49 மாதம். நோய் முன்னேறும் அபாயம் 63 சதவீதம் குறைந்தது என்றும் இதைச் சொல்லலாம், ஒன்றரை மாதம் கூடுதலாகக் கிடைத்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. விளம்பரத்தில் முன்னதுதான் வரும்.

இந்தச் சோதனையில் பாராட்ட வேண்டியது கணக்கு வைத்த விதம். 104 பேரில் செல்களை உடலில் ஏற்றிக்கொண்டவர்கள் 88 பேர்தான். மீதி 16 பேருக்கு அது போய்ச் சேரவில்லை. அவர்களையும் சேர்த்தே மேலே சொன்ன எண்கள் கணக்கிடப்பட்டன. பல முதல் கட்ட அறிக்கைகளில் செல் ஏற்றப்பட்டவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள், காத்திருந்து விழுந்தவர்கள் காணாமல் போவார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. எதிரணியின் 52 பேரில் 20 பேர் பிறகு சாட்ரி-செல் பெற்றார்கள். அதனால் உயிர்வாழ்வில் தெரியும் இடைவெளி உண்மையைவிடக் குறுகலாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது.

தகுதி விஷயத்தில் அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று. கிளாடின் 18.2-க்கு ஏற்கெனவே சோல்பெடுக்சிமாப் என்ற எதிர்ப்புரத மருந்து உண்டு. அதற்குக் கட்டிச் செல்களில் குறைந்தது 75 சதவீதம், கிளாடினுக்கான ஆய்வகச் சோதனையில் நடுத்தரம் முதல் வலுவான நிறமேற்றம் காட்ட வேண்டும். சாட்ரி-செல் இரண்டாம் கட்டச் சோதனையில் வரம்பு 40 சதவீதம். ஆகவே 'கிளாடின் நெகட்டிவ்' என்று ஒரு வரி அறிக்கையில் இருந்தாலே கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை. எத்தனை சதவீதம், எந்த வலு என்று நோய்க்குறியியல் ஆய்வகத்திடம் எண்ணாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரி பழையதாக இருந்தால் புதிய பயாப்ஸி பற்றியும் கேளுங்கள். நடுவில் கிளாடினைக் குறிவைத்த வேறு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் இலக்கு குறைந்திருக்கலாம்.

அளவு ஒரு முறைக்கு 25 கோடி செல்கள், அதிகபட்சம் மூன்று முறை. அதற்கு முன்னால் கொடுக்கும் ஆயத்த வேதிச்சிகிச்சையில் வழக்கமான ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு இரண்டோடு நாப்-பேக்ளிடாக்சலையும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். நார்த்திசு மதிலைத் தளர்த்தி வழிவிடச் செய்வது நோக்கம்.

பக்கவிளைவில் மறைக்க ஒன்றுமில்லை. கடுமையான, அதாவது மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புகள் 99 சதவீதம் பேருக்கு, எதிரணியில் 63. பெரும்பகுதி ரத்த அணுக்கள் சரிவது, ஆயத்த வேதிச்சிகிச்சையின் கைவரிசை. சைட்டோகைன் புயல், அதாவது டி செல்கள் கிளப்பும் அழற்சிப் பொருட்கள் உடலில் பெருக்கெடுப்பது, 95 சதவீதம் பேருக்கு வந்தது, ஆனால் பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகளோடு அடங்கியது. இந்தச் சிகிச்சைக்கே உரிய தொல்லை வேறு: நல்ல இரைப்பைச் சுவரிலும் கிளாடின் இருப்பதால் வாந்தி, சளிச்சவ்வுப் புண், சில சமயம் ரத்தக்கசிவு. அல்புமின் இறங்கும், கால் வீங்கும். செல் ஏற்றிய பிறகு வரும் வாந்தியை 'கீமோ வாந்தி' என்று ஒதுக்கிவிடாமல் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள இடத்தில் இருப்பது அவசியம்.

தயாரிப்புத் தரம் பற்றியும் ஒரு குறிப்பு. 2023 டிசம்பரில் இந்த நிறுவனத்தின் அமெரிக்கச் சோதனைகளை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நிறுத்திவைத்தது. வட கரோலைனாவின் டர்ஹம் ஆலையை ஆய்வு செய்தபின் வந்த முடிவு அது. தடை பின்னர் விலக்கப்பட்டது. செல் சிகிச்சையில் மருந்தும் ஆலையும் வேறுவேறல்ல. ஆலை நின்றால் வரிசையில் நிற்கும் நோயாளியின் செல் பை நின்றுவிடும்.

பெருங்குடலுக்கு: ஜி.சி.சி.19 கார்-டி

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பான்மையினருக்கு நோயெதிர்ப்புத் தடைநீக்கி மருந்துகள் வேலை செய்வதில்லை. அதனால் புதிய சிகிச்சைக்கான பசி இங்கே அதிகம். இதன் இலக்கான குவானைலேட் சைக்ளேஸ் சி (சுருக்கமாக ஜி.சி.சி.) என்ற புரதம் குடலின் உட்பக்கம் நோக்கிய பரப்பில் இருக்கிறது. ரத்தத்தில் வரும் டி செல்களுக்கு அது எளிதில் எட்டாது, பரவிய கட்டியில் எட்டும். கேட்க நன்றாக இருக்கும் இந்தத் தர்க்கம் பாதிதான் உண்மை. நல்ல குடலையும் செல்கள் தொடத்தான் செய்கின்றன. சோதனையில் வயிற்றுப்போக்கு முக்கியப் பக்கவிளைவாக வந்ததே சாட்சி.

2024-இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வந்த முதல் கட்ட முடிவில் 15 பேர். எடையில் கிலோவுக்கு 10 லட்சம் செல்கள் பெற்ற எட்டுப் பேரில் இருவருக்கு, 20 லட்சம் பெற்ற ஏழு பேரில் நால்வருக்குக் கட்டி சுருங்கியது. நோய் முன்னேறாத காலம் முறையே 1.9 மாதம், 6 மாதம். அளவைக் கூட்டினால் பலன் கூடுகிறது என்பது நல்ல அறிகுறி, பலன் தருவது செல்தான் என்று அது காட்டுகிறது. ஆனால் ஏழில் நான்கை 57 சதவீதம் என்று எழுதினால் பெரிதாகத் தெரியும். இன்னும் ஓர் ஆளுக்குப் பலன் கிடைக்காமல் போயிருந்தால் அது 43.

இந்தத் தயாரிப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஜி.சி.சி.-ஐத் தாக்கும் செல்களோடு சிடி19-ஐத் தாக்கும் செல்களையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் எளிதாகக் கிடைக்கும் பி செல்களை அவை தாக்கும்போது கிளம்பும் சமிக்ஞைகள் ஜி.சி.சி.-ஐத் தாக்கும் செல்களையும் பெருகத் தூண்டும். விலையும் உண்டு: நல்ல பி செல்களும் போவதால் எதிர்ப்புரத அளவு குறையலாம். சாட்ரி-செல் பெற்றவருக்கு இந்தக் கவலை இல்லை, இதைப் பெற்றவருக்கு இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலுள்ள எதிர்ப்புரதம்) அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டிக்குள்ளேயே இருக்கும் செல்களைத் திருத்துவது

மேலே சொன்னவை ரத்தத்திலிருந்து செல் எடுப்பவை. வேறு வழியும் உண்டு. கட்டிக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் டி செல்களை அறுவை மூலம் எடுத்து, வலுப்படுத்தித் திருப்பி அனுப்புவது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு கிரிஸ்பர் கத்தரியால் 'சிஷ்' என்ற மரபணுவை வெட்டியெடுத்தது. டி செல்லுக்குள் பிரேக் போல வேலை செய்வது அது. பரவிய செரிமான உறுப்புப் புற்றுநோய் கொண்ட 12 பேருக்கு இப்படித் திருத்திய செல்கள் கொடுக்கப்பட்டன. முடிவு 2025-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்தது. ஒருவருக்குக் கட்டிகள் முழுவதுமாக மறைந்து 21 மாதங்களுக்கு மேல் திரும்பவில்லை. மரபணு வெட்டியதால் வந்த கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை.

அந்த ஒருவர் அபாரம். மற்ற 11 பேருக்கு அப்படி நடக்கவில்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. பாதுகாப்பைச் சோதிக்க நடந்த ஆய்வில் அது தோல்வியும் அல்ல. பாதுகாப்பு தேறியது, பலன் யாருக்கு என்பது தெரியவில்லை. எங்கள் மதிப்பீடு அவ்வளவுதான். இந்த வகைக்கு உடல் தாங்கும் தெம்பும் அதிகம் வேண்டும். அறுத்தெடுக்கத் தகுந்த இடத்தில் கட்டி இருக்க வேண்டும், ஆயத்த வேதிச்சிகிச்சை கடுமையானது, செல் ஏற்றிய பிறகு டி செல்களைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 மருந்து வேறு. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவது, ரத்த அழுத்தம் சரிவது, சிறுநீர் குறைவது எல்லாம் இன்டர்லூக்கின்-2-இன் வழக்கமான வரிசை.

கணையத்தில் 2022-இல் ஒரு தனி நபர் முடிவு கவனம் பெற்றது. கே-ராஸ் ஜி12டி என்ற மரபணுப் பிறழ்வை அடையாளம் காணும் ஏற்பி பொருத்திய 1,620 கோடி செல்கள் ஒரே முறையில் ஏற்றப்பட்டு, ஆறு மாதத்தில் கட்டிகளின் அளவு 72 சதவீதம் குறைந்தது. சிக்கல், இந்த ஏற்பி எச்.எல்.ஏ. (ஆளுக்கு ஆள் மாறும் திசு வகை) சி08:02 உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். திசு வகைப் பரிசோதனை செய்யாமல் இந்தச் செய்தியை நம்பி அலைவதில் பயனில்லை.

ஏ2 பயோ நிறுவனத்தின் எவரெஸ்ட்-1 சோதனையும் திசு வகையைத்தான் நம்பியிருக்கிறது, ஆனால் வேறு விதமாக. ஒரே செல்லில் சி.இ.ஏ.-வைக் கண்டால் தாக்கும் ஏற்பி ஒன்று, எச்.எல்.ஏ. ஏ02-ஐக் கண்டால் நிறுத்தும் ஏற்பி ஒன்று. நல்ல செல்லில் ஏ02 இருக்கும், அதனால் தப்பும். அதை இழந்த புற்றுச் செல் மாட்டும். முன்பு குடலைப் புண்ணாக்கிய இலக்கையே பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முயற்சி என்பதால் எங்களுக்குப் பிடித்த வடிவமைப்பு இது. கட்டி அந்த எச்.எல்.ஏ.-வை இழந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் வாசல் குறுகலானது.

வழியில் எங்கே உடைகிறது

முதல் படி ரத்தத்திலிருந்து வெள்ளணு பிரிப்பது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் இழுக்கும். உடனே சொன்னால் கால்சியம் கொடுத்து வேகத்தைக் குறைப்பார்கள். இந்தப் படிக்குச் சில நாட்கள் முன்பே ஸ்டீராய்டு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வாந்திக்காகக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் டி செல்களைக் குறைத்துவிடும். பல சுற்று கீமோ வாங்கியவரின் டி செல்கள் எண்ணிக்கையிலும் தெம்பிலும் குறைந்தவை. ஆலையில் பெருகாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். செல் சிகிச்சைக்குப் போகும் எண்ணம் இருந்தால், கடைசி மருந்துவரை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடுவதால் மூலப்பொருளே கெடுகிறது.

அடுத்து ஆலையில் இரண்டு முதல் நான்கு வாரம். உயிருள்ள செல் விகிதம், ஏற்பி முளைத்த செல் விகிதம், ஒரு செல்லுக்கு எத்தனை மரபணுப் பிரதிகள், கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் எல்லாம் தேற வேண்டும். ஒன்று தவறினாலும் பை வெளியே வராது. இந்த வாரங்களில்தான் செரிமானப் புற்றுநோயாளி ரத்தப் புற்றுநோயாளியிடமிருந்து வேறுபடுகிறார். வயிற்றில் நீர் கோக்கும், குடல் அடைக்கும், பித்தநாள ஸ்டென்ட்டில் கிருமி தொற்றும், சாப்பாடு இறங்காமல் எடை குறையும். செல் தயாராகும்போது ஆள் தயாராக இல்லாமல் போவது இப்படித்தான். இடைக்காலச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா, குழாய் வழி உணவுக்கு ஏற்பாடு உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஏற்றும் நாள் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பையின் அடையாளத்தை இரண்டு பேர் சரிபார்ப்பார்கள், 37 டிகிரியில் உருக்குவார்கள், சில நிமிடங்களில் ஏற்றி முடிப்பார்கள். ரத்தம் ஏற்றும்போது பயன்படுத்தும் வெள்ளணு வடிகட்டியை இங்கே மாட்டவே கூடாது, மாட்டினால் மருந்து முழுக்க வடிகட்டியில் நின்றுவிடும். உறைகாப்புத் திரவத்தால் அறையில் பூண்டு வாடை வரும், அது இயல்பு.

அதற்குப் பிறகு 38 டிகிரி காய்ச்சல்தான் முதல் மணி. சைட்டோகைன் புயலா தொற்றா என்று காய்ச்சலை வைத்துப் பிரிக்க முடியாது, அதுவும் வெள்ளணு பாதாளத்தில் இருக்கும்போது. நல்ல மையங்கள் இரண்டுக்கும் சேர்த்தே தொடங்கும்: ரத்தக் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாட்டிக் ஓடும், ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ இறங்கினால் சைட்டோகைன் புயலை அடக்கும் டோசிலிஸுமாப் கிலோவுக்கு 8 மி.கி., அதிகபட்சம் 800 மி.கி. அது மருத்துவமனையின் கையிருப்பில் இருக்க வேண்டும், வெளியே சீட்டு எழுதிக் கொடுக்கும் இடம் இந்தச் சிகிச்சைக்கு உகந்ததல்ல. நரம்புப் பாதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். நேற்று நேராக இருந்த கையெழுத்து இன்று கோணினால் துணைக்கு இருப்பவர் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்போம்? இரைப்பைப் புற்றில் இரண்டு சுற்று முடிந்து, கிளாடின் எண் 40-க்கு மேல் இருந்து, எழுந்து நடமாடி, ஓரளவு சாப்பிட முடிகிறவர் சாட்ரி-செல் சோதனையைத் தேடுவது நியாயம். பெருங்குடலில் ஜி.சி.சி. வகை ஆசையைத் தூண்டுகிறது, ஆதாரம் இன்னும் சிறியது. கணையத்தில் திசு வகையும் பிறழ்வும் பொருந்தினால் மட்டும். வயிற்று நீரோடு படுக்கையில் இருப்பவரை ஆயத்த கீமோவுக்குள் தள்ளுவதை எந்த வகைக்கும் பரிந்துரைக்கமாட்டோம்.

சோதனை மையத்திடம் கேட்க வேண்டியவை: கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேருக்குச் செல் ஏற்றப்பட்டது, பிரித்தெடுத்த நாளிலிருந்து ஏற்றும் நாள்வரை எத்தனை நாள், பை தரத்தில் தவறினால் மறுபடி செய்வார்களா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்திலா. 2024 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம், அனுமதி பெற்ற கார்-டி மருந்துகள் எல்லாவற்றின் உறையிலும் டி செல் வகைப் புதிய புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. மரபணு ஏற்றிய செல் பெற்றவரை 15 ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல், அந்தப் பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 'சோதனை' என்று சொல்லிக்கொண்டே செல்லுக்குக் கட்டணம் கேட்டு, பொதுப் பதிவேட்டில் பதிவெண்ணைக் காட்ட முடியாத இடமாக இருந்தால், மற்ற கேள்விகளைக் கேட்காமலே எழுந்து வந்துவிடலாம்.